கானா எல்மினா மீன்துறை: குடும்பத்தோடு போகலாமா, எந்த நாளில் போவது?

கரைக்காற்று
வணக்கம். வேலைக்காக அக்ராவுக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான டெமாவில் இருக்கிறேன். ஆகஸ்ட்டில் மனைவியும் மகளும் (ஐந்தாம் வகுப்பு) சென்னையிலிருந்து வருகிறார்கள். ரிசார்ட், நீச்சல்குளம் என்று சுற்றுவதில் மூவருக்குமே விருப்பமில்லை. நிஜமாகவே தொழில் நடக்கிற மீனவ ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும். எல்மினா, கேப் கோஸ்ட், அக்ராவுக்குள்ளேயே ஜேம்ஸ்டவுன் என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா? படம் எடுக்க விடுவார்களா? போனவர்கள் சொல்லுங்கள்.

அக்ரா_செல்வி
தம்பி, வாரத்தில் ஏழு நாள் இருக்க, கடல் மூடியிருக்கும் நாளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்களே! கானாக் கரையின் பெரும்பகுதியில் செவ்வாயன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கா மக்களுக்கும் ஃபாந்தே மக்களுக்கும் அது கடல் தெய்வத்தின் நாள். மேற்கே ன்சீமா பக்கம் போனால் வியாழக்கிழமை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, மீறினால் ஊர்த் தண்டம் உண்டு. மீனவர் தலைவரை 'அப்போஃபோஹேனே' என்பார்கள். இந்த விஷயத்தில் அவர் சொல்தான் எடுபடும்.

செவ்வாயன்று போனால் வள்ளங்கள் எல்லாம் எல்மினாவின் பென்யா காயலில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். பேச்சுக் கொடுக்க நல்ல நாள்தான், ஆனால் மீன் இறங்குவதைப் பார்க்க முடியாது. புதன் காலைதான் சரி. விடுமுறையை ஒரு நாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் என்றது நல்ல தேர்வு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கடலின் குளிர்நீர் மேலே ஏறி வரும். அதோடு சாளை இனம் கூட்டம் கூட்டமாகக் கரைப்பக்கம் வரும். வருடத்தின் பெரிய பாடு (மீன்வரத்து) அப்போதுதான். டிசம்பருக்கு மேல் சின்னதாக இன்னொரு பருவம் உண்டு. ஆனால் அப்போது சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதி வானத்தை மூடிவிடும்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் ஆசையை விடுங்கள். டெமாவிலிருந்து அக்ராவைத் தாண்டவே பாதி உயிர் போய்விடும். அப்புறம் கசோவா நெரிசல், அதற்கு மேல் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத சாலை. முந்தின இரவே கேப் கோஸ்ட்டிலோ எல்மினாவிலோ தங்கிவிடுங்கள். ஜேம்ஸ்டவுனைப் பழைய படங்களை நம்பித் தேடிப் போகவேண்டாம். 2020இல் அங்கே கரையோரக் குடிசைகளை இடித்தார்கள். சீன நிதியில் மீன்பிடித் துறைமுகம் கட்டத்தான்.

வலைஞன்_நாகை
நல்ல இழை. நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது கப்பலில் வேலை. கானாவின் டக்கோராடித் துறைமுகத்துக்குப் போகும்போது தூரத்தில் அந்த வள்ளங்களைப் பார்த்திருக்கிறேன், கரையில் இறங்க வாய்ப்பில்லை. செல்வி அக்கா, எனக்குச் சில சந்தேகம். வள்ளம் ஒரே மரமா, பலகை அடித்ததா? எஞ்சின் என்ன குதிரைத்திறன்? வலை எந்த வகை? முக்கியமாக, பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள்?

அக்ரா_செல்வி
வலைஞன் தம்பி, மீன் வாங்கி விற்கிற தொழிலில் இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அடிப்பாகம் ஒரே மரம். வாவா என்று ஒரு மரம். லேசாக இருக்கும், உள்காடுகளிலிருந்து வருகிறது. அங்கேயே ஓரளவு குடைந்து லாரியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இங்கே இரண்டு பக்கமும் பலகை வைத்து உயர்த்தி, உள்ளே குறுக்குக் கட்டை அடித்து, வண்ணம் பூசுவார்கள். எல்மினாவில் காயல் ஓரமாக நடந்தாலே இந்த வேலை கண்ணெதிரே நடக்கும். பெரிய மரம் கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிறது, விலையும் ஏறுகிறது. எஞ்சின் பெரும்பாலும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு. அரசு மானியத்தில் தரும் 'ப்ரீமிக்ஸ்' எரிபொருளில் ஓடும். அது பெட்ரோலும் எண்ணெயும் முன்பே கலந்தது. ப்ரீமிக்ஸ் வரவில்லை என்றால் கரையே முடங்கிவிடும். அன்றைக்கு அரசியலைத் தவிர வேறு பேச்சு காதில் விழாது.

வலையில் அலி, போலி, வாட்சா என்று வகைகள். போலியும் வாட்சாவும் நம் சுருக்குமடி மாதிரி, மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுப்பது. அப்படிப்பட்ட வள்ளத்தில் பதினைந்து இருபது பேர் போவார்கள். தலைவனை 'போசன்' என்று கூப்பிடுவார்கள். வெளியே மணல்கரைகளில் கரைவலையும் உண்டு. அதில் ஆண், பெண், பிள்ளை எல்லோரும் கயிறு பிடிப்பார்கள்.

பங்கு ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக எரிபொருள், சாப்பாடு, ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பாதி வள்ளம், வலை, எஞ்சின் வைத்திருப்பவருக்கு. மறு பாதி ஆட்களுக்கு.

வலைஞன்_நாகை
நன்றி அக்கா. பாதிக்குப் பாதி என்பது கேட்ட கணக்காகவே இருக்கிறது. கரைக்கு வந்ததும் ஏலமா?

அக்ரா_செல்வி
ஏலம் இல்லை. கரைக்காற்று தம்பி, நீங்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். போய் நிற்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று புரிய வேண்டுமே.

வருகிறவர்கள் எல்லோரும் வள்ளத்தையும் கொடியையும் ஆண்களின் தோளையும்தான் பார்ப்பார்கள். ஆனால் மீன் மணலைத் தொட்ட நிமிடத்திலிருந்து அது பெண்களின் பொருள். மீன் வியாபாரப் பெண்களுக்கு ஒரு தலைவி உண்டு, 'கொன்கோஹேமா' என்பார்கள். பருவத்தில் அன்றைய முதல் வள்ளம் வந்ததும் அவர் போசனோடு விலை பேசுவார். கை ஆட்டி, முகத்தைத் திருப்பி, எழுந்து போவதுபோல் நாலடி நடந்து, மறுபடி வந்து உட்காருவார். கடைசியில் ஒரு அலுமினியச் சட்டிக்கு இவ்வளவு என்று முடிவாகும். பின்னால் வரும் வள்ளங்களுக்கும் அதையொட்டித்தான் விலை.

அதற்குள் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எரிபொருளுக்கும் வலைக்கும் முன்பணம் தருவது பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான். பணம் வாங்கியவன் அவரிடமே மீனைப் போட வேண்டும். மனைவியே கணவனிடம் மீனை விலைக்கு வாங்கி விற்பதும் சாதாரணம். அவன் கணக்கு வேறு, அவள் கணக்கு வேறு. வீட்டில் அடுப்பு ஒன்றுதான், பணப்பெட்டி இரண்டு. பாடு இல்லாத மாதங்களில் இந்த முன்பணம் கடனாக ஏறும். அப்போது கரையில் கேட்கும் சண்டை மீனுக்காக இருக்காது.

அதனால் நான் சொல்வது: கேமராவை எடுக்குமுன் பெண்கள் பக்கம் போங்கள். ஒரு சட்டி மீன் வாங்குங்கள். விலை கேளுங்கள், நாலு வார்த்தை பேசுங்கள். 'மேதாசே' என்றால் நன்றி. உங்கள் மனைவியும் மகளும் கூட இருந்தால் இன்னும் சுலபம். தனியாகக் கேமராவோடு சுற்றும் ஆணை யாருக்கும் பிடிக்காது.

ஒளிப்படப்பித்தன்
செல்வி அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. என் அனுபவம் வேறு. எல்மினாவில் பாலத்தின் மேல் நின்று அகலக்கோணத்தில் ஒரு படம் எடுத்தேன், கீழே பத்துப் பேர் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவன் வந்து பணம் கேட்டான். 'வழிகாட்டி' என்று சொல்லிக்கொண்ட இன்னொருவன் அனுமதி வாங்கித் தருகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு காணாமல் போனான். பொது இடம், பொதுப் பாலம். இதற்கு எதற்கு அனுமதி? மூடநம்பிக்கை, இல்லாவிட்டால் காசு பிடுங்கும் வேலை. வேறென்ன?

அக்ரா_செல்வி
பித்தன் தம்பி, ஏமாற்றியவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எல்மினாவின் பழைய கோட்டை வாசலிலும் பாலத்திலும் அப்படி ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கத்தியவர்கள் ஏன் கத்தினார்கள் என்று யோசித்தீர்களா?

சில வள்ளங்களில் ஜெனரேட்டரும் பெரிய பல்புகளும் இருக்கும். இரவில் வெளிச்சம் காட்டி மீனை மேலே இழுக்க. அது இங்கே தடைசெய்யப்பட்ட முறை, ஆனாலும் நடக்கிறது. வலையின் கண் அளவு சட்டத்துக்குக் குறைவாக இருக்கும். போன பத்தாண்டில் 'சைகோ' என்று ஒன்று ஓடியது. வெளிநாட்டு முதலாளிகளின் ட்ராலர்கள் சின்ன மீனை வாரி, உறையவைத்துக் கட்டியாக்கி, நடுக்கடலிலேயே வள்ளங்களுக்கு விற்கும். அதற்கு முக்கிய இறங்குதுறைகளில் ஒன்று இதே எல்மினா. 2017இல் மட்டும் சுமார் ஒரு லட்சம் டன் இப்படிக் கரையேறியதாக மதிப்பிட்டார்கள். கட்டுப்பாடற்ற மீன்பிடிக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கானாவுக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. இதெல்லாம் வெளியே வந்ததே படங்களாலும் வீடியோக்களாலும்தான். அப்புறம் பெரிய லென்ஸ் மாட்டிக்கொண்டு பாலத்தில் நிற்பவனைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும்? என் கணிப்பு இதுதான், மூடநம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் உண்டு. குப்பை, சாக்கடை, கரையிலேயே ஒதுங்கும் பிள்ளைகள். இந்தப் படங்கள் எங்கே போகும் என்று அவர்களுக்கும் தெரியும், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

உங்களுக்கு அகலக்கோணம்தான் வேண்டுமென்றால் கோட்டைக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள். துறைமுகம், பாலம், வள்ளங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். யாரையும் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

ஒளிப்படப்பித்தன்
பல்பு விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் எல்லோரையும் முதலில் மீன் வாங்கச் சொல்வது சரியாகப் படவில்லை. அறையில் தங்குகிறவன் ஒரு சட்டி சாளையை வைத்து என்ன செய்வான்?

அக்ரா_செல்வி
வறுத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுவான்! சந்தைக்குப் பக்கத்திலேயே பெண்கள் எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஃபாந்தே கென்கே வாங்கிக்கொள்ளுங்கள். புளிக்கவைத்த சோள மாவு, வாழையிலையில் கட்டி வேகவைத்தது. பழைய சோற்றின் புளிப்பு பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். கூட அரைத்த மிளகாய், வறுத்த மீன். கையால்தான் சாப்பிடுவார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாஞ்சுல்_பயணி
நடுவில் வருகிறேன். கானா போனதில்லை, காம்பியாவிலும் செனகலிலும் வேலை பார்த்தேன். காம்பியாவில் தான்ஜி என்று ஓர் ஊர். அங்கே மீன் இறங்குவது பிற்பகலுக்கு மேல். வள்ளம் கரை ஏறாது, அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சுமைகாரர்கள் மார்பளவு தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஓட்டம் என்றால் ஓட்டமேதான், பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மேலே கடற்பறவைகள் கூட்டமாகச் சுற்றும். பின்னால் நீளமான புகைக்கொட்டகைகள். போங்கா என்ற முள் அதிகமுள்ள மீனை அங்கே புகையில் வாட்டி உள்நாட்டுக்கு அனுப்புவார்கள். கடலுக்குப் போகிறவர்களில் பலர் செனகல்காரர்கள்.

ஒரு சங்கடம், சுற்றுலாப் பேருந்துகள் நேராக அந்தக் கரைக்கே வந்து நிற்கும். ஐரோப்பியர்கள் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, அரைமணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். சுமைகாரன் ஓடும் பாதையிலேயே போய் நிற்பார்கள். அதைப் பார்த்தபிறகு, இப்படி ஊர்களுக்கு வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது என்பதுதான் என் கட்சி.

வலைஞன்_நாகை
பயணி அண்ணே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் கரைக்கு யாராவது வந்து எஞ்சினைப் பற்றியும் வலையைப் பற்றியும் கேட்டால் அப்பா வேலையை விட்டுவிட்டுச் சொல்வார். பிடிக்காதது வழியில் நிற்பதும் மூக்கைப் பொத்துவதும்தான். வரவே கூடாது என்று எந்த மீனவனும் சொல்லிக் கேட்டதில்லை.

பாஞ்சுல்_பயணி
நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது, நான் வெளியாள். ஆனால் அங்கே கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. காம்பியாக் கரையில் மீன்தூள் ஆலைகள் வந்தன. மனிதர்கள் தின்னும் சாளையையும் போங்காவையும் அரைத்துத் தூளாக்கி, வளர்ப்பு மீனுக்கும் பன்றிக்கும் தீவனமாகக் கப்பலேற்றுவார்கள். 2017இல் குன்ஜூரில் காயல் நீர் சிவந்து மீன்கள் செத்து மிதந்தன. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். புகைபோடும் பெண்களுக்கு ஆலையோடு போட்டிபோட்டு மீன் வாங்க முடியவில்லை. செனகலிலும் இதே கதை. அங்கே கயாரில் 1990களிலேயே மீனவர்கள் தாங்களாகக் கூடி, ஒரு வள்ளத்துக்கு இத்தனை பெட்டிதான் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஊர்ப் பக்கமே ஆலை வந்தபோது எப்படி இருந்திருக்கும்? வேலை அற்றுப்போன பையன்கள் அதே மீன்பிடி வள்ளத்தில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள். 2024இல் மட்டும் 46,000க்கு மேற்பட்டோர் கடல்வழியே அந்தத் தீவுகளில் இறங்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாட்டுக்காரர்கள் அதில் உண்டு. வழியில் மாண்டவர்கள் தனி. என்னோடு டீ குடித்த பையன்களே இன்றைக்கு எங்கே இருக்கிறார்களோ. அழகான வண்ண வள்ளம் என்று படம் போடுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரைக்காற்று
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் பேசிப் புதன், வியாழன் விடுப்பு வாங்கிவிட்டேன். செவ்வாய் மாலையே எல்மினா. செல்வி அக்கா, புகைபோடும் இடத்தை மகளுக்குக் காட்ட முடியுமா? அப்புறம், கோட்டைக்குள் குழந்தையை அழைத்துப் போகலாமா?

அக்ரா_செல்வி
புகையடுப்பு எல்லாச் சந்துகளிலும் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். 'சோர்கோர்' அடுப்பு என்று பெயர், அக்ராவில் சோர்கோர் என்ற மீனவப் பகுதியில் உருவானது. மண்ணால் கட்டிய நீள்சதுர அடுப்பு, மேலே மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து அடுக்கலாம். பழைய வட்ட அடுப்பில் மீனை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும், விறகும் அதிகம். இதில் தட்டை மட்டும் மேலே கீழே மாற்றினால் போதும். இந்த ஊர்ப் பெண்களும் உணவு ஆராய்ச்சிக்காரர்களும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 1970ஐ ஒட்டிய வருடங்களில் செய்தது, இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் புகை புகைதான். வருடக்கணக்கில் அதில் நிற்கும் பெண்களின் கண்ணைப் பார்த்தால் தெரியும். மகளை ரொம்ப நேரம் அங்கே நிறுத்தாதீர்கள்.

கோட்டை 1482இல் போர்ச்சுகீசியர் கட்டியது. அடிமைகளை அடைத்து வைத்த நிலவறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி எதையும் மறைக்காமல் சொல்வார். பெண்கள் அடைபட்ட முற்றத்துக்கு மேலேயே ஆளுநரின் மாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்று நீங்களும் மனைவியும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் காலையில் மீன், மதியத்துக்கு மேல் கோட்டை. தலைகீழாகச் செய்தால் அன்றைக்கு மீன் பார்க்கும் மனசு இருக்காது.

வலைஞன்_நாகை
ஒரு சின்னக் கிளைக்கதை. எல்மினாவை 1637இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது டச்சுக்காரர்கள். நாகப்பட்டினத்தையும் அவர்கள்தான் 1658இல் பிடித்தார்கள். கம்பெனிதான் வேறு, அங்கே மேற்கிந்தியக் கம்பெனி, இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி. சோழமண்டலக் கரையில் நெய்த துணி ஐரோப்பா போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வந்து, அடிமைகளுக்கு விலையாகக் கைமாறியது. கோட்டையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர்
துணி வணிகம் பற்றித் தனி இழை தொடங்கினால் நன்றாக இருக்கும். இங்கே பயணத்தோடு நிறுத்திக்கொள்வோம். கரைக்காற்று, ஒரு நினைவூட்டல்: கானாவுக்கு வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

கரைக்காற்று
ஊசி போட்டாயிற்று. செல்வி அக்கா, கடைசியாக ஒன்று. ஜூலையில் தடைக்காலம் என்று யாரோ சொன்னார்கள். ஆகஸ்ட் வரை நீளுமா?

அக்ரா_செல்வி
வள்ளங்களுக்கு முதன்முதலில் 2019இல் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை ஒரு மாதம் மூடினார்கள். அப்புறம் ஜூலைக்கு மாற்றினார்கள். 2025இல் வள்ளங்களுக்கு விலக்கு கொடுத்து ட்ராலர் போன்ற பெரிய படகுகளை மட்டும் நிறுத்தினார்கள். மீனவர்கள் வெகுநாளாகக் கேட்டது அதுதான். அரசு ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும், கிளம்புமுன் செய்தி பாருங்கள். அடுத்த முறை ஜூலை முதல் செவ்வாயில் வந்தால் எல்மினாவில் பகாத்துவே திருவிழா. சில வாரம் மூடியிருந்த காயலைத் திறந்து, பூசாரி முதல் வலை வீசுவார். செவ்வாயில் போய்ப் பார்க்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் பணமும் செல்லும், ஆனால் சட்டியைத் தலையில் வைத்திருப்பவரிடம் போனை நீட்டாதீர்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. ட்ரோன் பறக்கவிட அரசு அனுமதி வேண்டும், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வலைஞன்_நாகை
கரைக்காற்று அண்ணே, புதன்கிழமை எனக்காக மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். வலையின் கண் எத்தனை விரல், மிதவைக்கு எதைக் கட்டியிருக்கிறார்கள், அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது எஞ்சினைத் தூக்குகிறார்களா இல்லையா. படம் வேண்டாம், எழுதினால் போதும்.

கரைக்காற்று
சரி தம்பி. மூன்றாவது கேள்வி எனக்கே புரியவில்லை, போசனிடம் கேட்டு எழுதுகிறேன்.